விங்கிள் பண்ண வந்தவர்

கதவை இடிக்காதீங்க தம்பி, காது நல்லாத்தான் கேக்குது. கடுதாசி போடற ஓட்டைகிட்ட குனிஞ்சு பேசுங்க. ம்... இப்ப மூக்கு தெரியுது.

சும்மா பார்த்துட்டுப் போக வந்தீங்களா? யார்கிட்ட கதை விடறீங்க? கவுன்சில்லேருந்து ஒருத்தன் வருவான், இந்த பெரில் கிழவியை விங்கிள் பண்ணி வெளிய எடுத்துடுவான்னு எதிர்வீட்டு டோரீன் ஊர் பூரா சொல்லிட்டா.

அந்த வார்த்தை தெரியாதா? எந்த ஊரு? லெஸ்டரா... அதான். கடல் இல்லாத ஊரு. விங்கிள்னா கடல் நத்தை தம்பி, கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அதை அவிச்சு வச்சு, டீ, ரொட்டி, வெண்ணெயோட ஆளுக்கொரு குண்டூசி எடுத்துக்கிட்டு உக்காருவோம். மொதல்ல ஓட்டு வாய்ல இருக்கற மூடியைக் கிள்ளிப் போடணும். அப்புறம் ஊசியைக் குத்தி மெதுவா சுத்திச் சுத்தி எடுக்கணும். வெடுக்குனு இழுத்தா பாதி உள்ளயே அறுந்துடும். எங்க வீட்டுக்காரர் ரெஜ் சாகற வரைக்கும் அறுத்துக்கிட்டேதான் இருந்தாரு. அவசரக்குடுக்கை.

அதுலேருந்து வந்த பேச்சுதான். பதுங்கு குழியில ஒளிஞ்சவனை வெளிய கொண்டுவர்றதுக்கும் அப்படித்தான் சொல்வாங்களாம், எங்கப்பா சண்டைக்குப் போனப்ப. லண்டன்ல என் தங்கச்சி மேவிஸைக் கிளப்பறதுக்குன்னே வீட்டு ஓனர் ஒரு ஆளை வச்சிருந்தான். இன்னிக்கு கேக்கோட வருவான், நாளைக்குத் தண்ணிக் குழாயை அடைச்சிட்டுப் போவான். கடைசில அவளே பெட்டியைத் தூக்கிட்டா. அவனுங்களுக்குப் பேரே விங்கிளர்தான்.

நீங்க நல்ல பிள்ளையா இருக்கீங்க, குரல்லயே தெரியுது. ஆனா வேலை அதே வேலைதானே?

தெரியும், தெரியும். கடல் அரிச்சுக் கரை இடிஞ்சுக்கிட்டே வருது, தோட்டம் போயிடுச்சு, இன்னிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும். எத்தனை தடவை சொல்வீங்க? நான்தான் பப்ல அத்தனை பேர் முன்னாடி சொன்னேனே, பொணமாத்தான் என்னைத் தூக்கணும்னு. ஜன்னலுக்கெல்லாம் ரெஜ்ஜோட படகுப் பலகையை வச்சு உள்பக்கம் நானே ஆணி அடிச்சேன், உங்க ஆளுங்க ஏறி வந்துடக் கூடாதுன்னு. எண்பத்தோரு வயசுல! ஒண்ணு கூட அசையாது இப்ப.

என்னது, கிளம்பறீங்களா? சாயங்காலம் போலீசோட வரீங்களா? இருங்க, இருங்க. போகாதீங்க தம்பி. டோரீன் வெளிய நிக்கறாளா? சிரிக்கறாளா? கிட்ட வாங்க, இன்னும் கிட்ட.

காலையில டீ போடப் போனேன், அடுப்படி இல்லை. அடுப்பு, போன், பின்வாசல் எல்லாம் கீழ கடல்ல கிடக்கு. சரி, வீம்பு போதும், போயிடலாம்னு கோட்டை மாட்டிக்கிட்டு வந்தேன். வீடு சாஞ்சு வாசல் நிலை இறுகிடுச்சு போல. கதவு வர மாட்டேங்குது. இழுத்து இழுத்துக் கை வீங்கிப் போச்சு. ரொம்ப பயமா இருக்கு தம்பி.

டோரீனை ஏதாவது சொல்லி வீட்டுக்குள்ள அனுப்பிட்டு, கதவை உடைச்சிடுங்க.