கேப்டனின் கோட்டு

காபிக் கோப்பையில் அச்சிட்ட முகம் கழுவக் கழுவ வெளுத்துப்போகும் என்று கடைக்காரர் முதலிலேயே சொல்லியிருக்கலாம். எண்பது கோப்பைகள், ஐயா. எல்லாவற்றிலும் என் கொள்ளுத்தாத்தா கேப்டன் மாங்னுஸ், ராணுவக் கோட்டில், மீசையை முறுக்கியபடி. இந்தக் கோடையில் ஸ்வீடன் முழுவதிலுமிருந்து எங்கள் உறவினர்கள் ஸ்மோலாந்துக்கு வந்து கூடுவதாக இருந்தது. ஒன்பது தலைமுறைக்கு வம்சாவளி எழுதியவன் நான் என்பதால் மேடையும் எனக்குத்தான்.

யெர்தா என் பெரியப்பா மகள். எழுபத்தொரு வயது. என்னைப் போலவே ஊர் ஆவணக் காப்பகத்தில் சும்மா உதவிக்கு வந்துகொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை, இலவங்கப்பட்டை ரொட்டியை மென்றபடியே நான்கு பழைய புகைப்படங்களை மேஜையில் பரப்பினாள். ஒரு தச்சன், ஒரு தபால்காரன், ஒரு சாராயக் கடைக்காரன், எங்கள் கேப்டன். நால்வருக்கும் ஒரே கோட்டு. மேலிருந்து மூன்றாவது பொத்தான் நான்கிலும் இல்லை.

"ஸ்டுடியோவுல ஆணியில மாட்டி வச்சிருந்த கோட்டுடா, ஹில்டிங். நம்ம கேப்டன் அதைப் போட்டுக்கிட்டு பத்து நிமிஷம் விறைப்பா நின்னிருக்காரு, அவ்வளவுதான்."

"அப்ப அவரு யாரு?"

"பாதிரியார் வீடு வீடாப் போய் விசாரிச்சு எழுதின ஏடு இருக்கே, அதுல பாத்தேன். பண்ணையாள். 'கோழி திருடினான், பைபிள் வாசிப்பு மோசம்'னு போட்டிருக்காரு. கூட்டத்துல நான் அதைத்தான் படிக்கப் போறேன். நீ கோப்பையில ஒரு கோழியையும் சேத்துப் போட்டிருக்கலாம்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவமானம் பிடுங்கித் தின்றது, அதை மறைக்க மாட்டேன். என் பேரனுக்கு மாங்னுஸ் என்று பெயர் வைத்ததே நான்தான்.

அந்த ஏட்டை எடுத்துவரச் சொன்னேன். எங்கள் காப்பகத்தில் இரும்பு அலமாரிகள் தண்டவாளத்தில் நகரும். கைப்பிடியைச் சுழற்றினால் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே வழி திறக்கும், மறுபக்கம் சுழற்றினால் மூடிக்கொள்ளும். யெர்தா உள்ளே போனாள். நான் மறுபக்கம் சுழற்றினேன். "என்னடா பண்றே?" என்று ஒருமுறைதான் கேட்டாள். கடைசி இரண்டு சுற்று கொஞ்சம் கனமாக இருந்தது.

பிறகு காபி போட்டுக் குடித்துவிட்டு, வம்சாவளியில் அவள் பெயருக்கு எதிரே இறந்த தேதியை எழுதினேன். ஆதாரமில்லாமல் நான் எதையும் எழுதுவதில்லை. இது நேரில் பார்த்தது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. அந்தக் கோழி விஷயத்தை அறிக்கையில் சேர்க்காதீர்கள். ஒன்பது தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் குற்றவாளி என்று ஒருவர்கூட இருந்ததில்லை.