கை ஆட்டுன ரெண்டு பேர்

இல்ல சார், கதவு தொறந்தே கெடக்கட்டும். காத்து வரணும்ல. நீங்க இந்த நாற்காலில குந்துங்க. ஒரு காலு ஆடும், சுவத்துல சாஞ்சிக்கினா ஒண்ணும் ஆவாது. தனம், சாருக்குத் தண்ணி கொண்டாம்மா.

ஆமா, நான்தான் பொன்னுசாமி. நோட்டீஸ் அடியிலயே பேரு, வூட்டு நம்பர், தாம்பரம்னு எல்லாம் போட்டிருந்தேனே. நாப்பது வருசமா அப்டித்தான். பேர் போடாம நோட்டீஸ் எழுதுறவன் கோழை. ஆனா இத்தினி வருசத்துல, நோட்டீஸ்ல திட்டு வாங்கின ஆளே அதப் படிச்சிட்டு வூட்டுக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான். போலீஸ் வந்துகீது. மறைமலை நகர்ல ஸ்ட்ரைக் நடந்தப்ப கம்பெனி ஆளுங்க வந்தாங்க. காலைல ஒருத்தன் ஆப்பிள் கூடையோட, சாயங்காலம் ஒருத்தன் உருட்டுக்கட்டையோட. ரெண்டையும் திருப்பி அனுப்புனேன். உங்கள மாதிரி கைய மடில வச்சிக்கினு யாரும் குந்துனதில்ல.

இன்னா பேரு சொன்னீங்க? லோகநாதன். சரி. நேவில எத்தினி வருசம்? அடேங்கப்பா. அன்னைக்கி அந்த ப்ளேன்லயே இருந்தீங்களா? ஜன்னலாண்டயா.

ம்.

மெதுவாவா? எனக்கு மெதுவா பேச வராது சார். மைக் செட் வாடகைக்கு வக்கில்லாத காலத்துல பேசக் கத்துக்கினவன் நான். ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல, பஸ் ஹாரனுக்கு நடுவுல. தலைக்கு மேல ஏர்போர்ஸ் ப்ளேன் போனாலும் நிறுத்த மாட்டேன். தாம்பரத்துல பொறந்தவனுக்கு ப்ளேன் சத்தம்லாம் காக்கா சத்தம் மாதிரி. இப்ப எம் பொண்ணு தனம்தான் எந்த ப்ளேன் போனாலும் மாடிக்கு ஓடுறா. அது ட்ரெய்னிங் ப்ளேன்மா, கடலுக்கெல்லாம் போவாதுன்னு சொன்னா கேக்க மாட்டா. மறையிற வரைக்கும் பாத்துட்டுத்தான் எறங்குவா.

ஆமா, அவ வூட்டுக்காரன்தான் சவுரிமுத்து. எம் மருமவன். கூடப் போனது அவன் தம்பி பிரசன்னா. பைபர் படகு. ரெண்டு நாள் கடல்லயே தங்கித் தொழில் பண்ணிட்டு வருவாங்க. கோவளத்துல மாதா கோயில் தெருல வூடு. அவங்க பக்கம் சர்ச்சுல கட்டணும்னாங்க, எங்க பக்கம் ஐயர் வரணும்னாங்க. ரெண்டும் கெடையாது, ரெண்டு மாலை, ஒரு கையெழுத்து, என் தலைமையில நடக்கும்னு சொல்லி நடத்திக் காட்டுனேன். மாப்ள ஒரு வார்த்த எதுத்துப் பேசல. மாமா சொன்னா சரின்னான். எல்லாத்துக்கும் அதான் அவன் பதிலு. மாமா சொன்னா சரி.

நோட்டீஸ் படிச்சீங்க இல்ல? கடலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் விமானத்துக்கு, கடலுக்கு மேலே தத்தளித்த இரண்டு மீனவர்கள் தெரியவில்லையா? அந்த வரிய பெரிய எழுத்துல போட்டேன். கோவளத்துல செவுத்துலயே எழுதி வச்சிட்டாங்க. நல்ல வரி சார். எது நல்ல வரின்னு எனக்குத் தெரியும்.

கோச்சிக்கினு வரலையா? அப்ப எதுக்கு வந்தீங்க?

தப்பு உங்க கண்ணு மேலயா? அப்டி சொல்லாதீங்க. மொதல்ல தலைய நிமித்துங்க.

இருங்க, நான் சொல்றேன், சரியான்னு பாருங்க. உங்க ப்ளேன்ல மிதவை கீது, மேலேர்ந்து போட்டீங்கன்னா தண்ணில மிதந்துகினு அடியில போற கப்பலோட சத்தத்தக் கேட்டுச் சொல்லும். காந்தம் கீது, இரும்பு போனா புடிக்கும். ரேடார் கீது. நான் தெரியாம எழுதல சார், எதிரியப் படிக்காம நோட்டீஸ் எழுத மாட்டேன். ஆனா பைபர் படகுல இரும்பு ஏது? அலை ஆளுயரத்துக்கு எழும்பினா ரேடார்ல படகு எது, அலை எது? கடைசில மனுசன் ஜன்னலாண்ட குந்திக்கினு கண்ணால தேடணும். மணிக்கணக்கா. கண்ணுல தண்ணி வரும், ஆனா சிமிட்டக் கூடாது. அதயும் படிச்சேன். நோட்டீஸ்ல போடல. போட்டா வரி நிக்காது.

இப்ப நடந்தத சொல்றேன். சனிக்கிழமை காத்து மாறிச்சு. சாயங்காலம் வர வேண்டிய சவுரி வரல. போன் எடுக்கல. ஞாயித்துக்கிழமை காலைல கரையே கூடிச்சு, நான் போயி ரோட்ட மறிச்சேன். ப்ளேன் அனுப்புன்னு கத்துனதே நான்தான். அனுப்புனாங்க. படகுல அரசாங்கம் குடுத்த கறுப்புப் பொட்டி கீது, படகு எங்க நிக்கிதுன்னு மேல சிக்னல் அனுப்பிக்கினே இருக்கும். சவுரி பொட்டி பழவேற்காட்டுக்குக் கெழக்க காட்டுச்சு. நேரா அங்க போனீங்க. தாழ எறங்குனீங்க. ஒரு பைபர் படகு, நங்கூரம் போட்டுக்கினு நிக்கிது. ரெண்டு பேர். கை ஆட்டுனாங்க.

நீங்கதான் பாத்தீங்களா? நீங்கதான் வாயத் தொறந்து சொன்னதா? ரெண்டு பேரும் உசுரோட கீறாங்கன்னு.

படகு நம்பர் எப்டி சார் தெரியும்? வலைய வெளிய தொங்கப் போட்டிருந்தான், நம்பர் மறைஞ்சிருச்சு. எல்லாப் படகும் ஒரே பச்சை. பொட்டி சொல்ற எடம் சரி, ஆளு எண்ணிக்கை சரி, கையும் ஆட்டுறான். நானா இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன். அது சவுரியோட கூட்டாளி ஐசக் படகு சார். அவனும் அவன் மச்சானும். ப்ளேன் இவ்ளோ தாழ வந்துச்சேன்னு சந்தோசத்துல கை ஆட்டிக்கீறானுங்க. போன்ல வீடியோ கூட எடுத்தானாம்.

மூணு மணிக்குக் கரைக்கு சேதி வந்துச்சு. கெடச்சிட்டாங்க, பத்திரமா கீறாங்கன்னு. அன்னையோட தேடுறத நிறுத்திட்டீங்க. மறுநாள் காலைல ஐசக் கரைக்கு வந்தப்புறம்தான் விசயம் ஒடஞ்சுது. அப்பால போயி ஒன்பது மணி நேரம் சுத்துனீங்க. தெக்கால ஒரு நீல கேன் கெடச்சுது. சவுரியோட டீசல் கேன். அவ்ளோதான்.

நடுவுல போன அந்த ஒரு ராத்திரிய நீங்க உங்க கணக்குல எழுதிக்கினு கீறீங்க. தூக்கம் இல்லன்னு மூஞ்சிலயே தெரியுது. வூட்டம்மா வேற சொல்லுவாங்க, லீவு போடுன்னு. போடாதீங்க. ஜன்னலாண்ட போயி குந்துங்க.

தண்ணி இன்னும் வரல, பாத்தீங்களா. வரும்.

சவுரி பொட்டி ஐசக் படகுல எப்டி வந்துச்சுன்னுதான கேக்க வந்தீங்க. விசாரணைல ஐசக் தெரியாதுன்னுட்டான். பொட்டி கோளாறா இருக்கும்னு எழுதி முடிச்சிட்டாங்க. தெரியாதுன்னு சொல்லச் சொன்னதே நான்தான்.

ரெண்டு மாசம் முன்னாடி சவுரிக்கு மீன்துறைலேர்ந்து ஒரு நோட்டீஸ் வந்துச்சு. தடை பண்ணுன பக்கம் போனேன்னு. பொட்டிய வச்சிக் கண்டுபுடிச்சாங்களாம். எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. மீனவன் கழுத்துல மணி கட்டி விடுறானுங்களான்னு. ஐசக் படகுல பொட்டி ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. நான் சொன்னேன், மாப்ள, உன் பொட்டியக் கழட்டி ஐசக் படகுல கட்டு, நீ ஒரு பக்கம் போ, அது ஒரு பக்கம் போவட்டும். ரெண்டு தடவ அப்டிப் போயிட்டு வா. பொட்டி சொல்றது பொய்யின்னு கோர்ட்ல கிழிச்சுத் தோரணம் கட்டிடலாம். மாமா, காத்து கீத்து மாறிச்சுன்னா? அப்டின்னு கேட்டான். நான் சிரிச்சேன் சார். உங்கப்பன் பாட்டன் பொட்டி வச்சிக்கினா கடலுக்குப் போனான்னு கேட்டேன். பக்கத்துல ஐசக்கும் சிரிச்சான். மாமா சொன்னா சரின்னுட்டு ஸ்பானர எடுத்தான்.

இருங்க, எழுந்திருக்காதீங்க. அது பெரிசில்ல. தந்திரம் பண்ணுனேன், தப்பாப் போச்சு. போராட்டத்துல அப்டி ஆவும். பெரிசு இன்னான்னா, மூணு மணிக்கு அந்த சேதி வந்துச்சே, பழவேற்காட்டுக்குக் கெழக்க, ரெண்டு பேர், நங்கூரம் போட்டுக்கினுன்னு. கரையே விசில் அடிக்கிது. எனக்கு மட்டும் கணக்கு ஒதச்சுது. அது ஐசக் போற எடம். சவுரி தெக்க போறவன். ஐசக் நம்பர் எங்கிட்ட கீது. போன கைல எடுத்து, நம்பரையும் எடுத்துட்டேன். ஒரு ரிங் போதும். நீங்க இன்னும் மேலயே சுத்திக்கினு இருந்திருப்பீங்க. வெளிச்சம் மூணு மணி நேரம் இருந்துச்சு.

அழுத்தல.

சவுரி போன தடவையே பொட்டியத் திருப்பி மாட்டியிருப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். நெசம் அது இல்ல. ஐசக் ஆமான்னு சொல்லிட்டா, ரோட்டுல எவன எதுத்துக் கத்துனேனோ அவன் முன்னாடியே போயி, பொட்டிய மாத்துனது நான்தான்னு சொல்லணும். நாப்பது வருசத்துல ஒரு தபா கூட அவனுங்க முன்னாடி தலை குனிஞ்சவன் இல்ல நான். அந்தத் திமிரு. வேற ஒண்ணும் இல்ல.

அன்னைக்கி சாயங்காலம் தனம் வஞ்சிரம் வறுத்தா. காலைல வந்துருவாரு, நீ மொதல்ல சாப்டுப்பான்னா. ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டேன்.

அதனால உங்க கண்ணு மேல தப்பு இல்ல சார். கண்ணு பாத்தத வாய் சொல்லிச்சு. என்னுது சொல்லல. இதோ இந்த மேஜை மேல கீதே, புது நோட்டீஸ். எல்லாம் எழுதிட்டேன். அடியில என் பேரு கீது. நாளைக்கு ப்ரஸ்ஸுக்குப் போவுது. கோவளத்துல வூடு வூடாக் குடுத்துடலாம். ஆனா இந்த வூட்டுல நோட்டீஸ் குடுக்க முடியாதே.

நீங்க ஏன் திரும்பித் திரும்பி அந்தப் பக்கம் பாத்துக்கினே கீறீங்கன்னு தெரியும். நீங்க வந்ததுலேர்ந்து அவ கதவாண்டதான் நிக்கிறா. அஞ்சு வாரமா அவ மூஞ்சியப் பாத்து பேச வாய் வரல சார். பத்தாயிரம் பேர் நின்ன எடத்துல பேசுனவன். கூட்டம்னா எதுத்தாப்ல ஒரு ஆளாவது வேணும். அதான் உங்கள குந்த வச்சேன்.

தனம். அந்தத் தண்ணிய சார்கிட்ட குடும்மா.