ஏஐயிடம் கேட்காத கேள்வி

"எங்கடை ஏஐ இப்ப வாயே திறக்குதில்லையடி. நாளைக்குக் கம்பஸிலை சேருக்குக் காட்டவேணும்!"

சாவகச்சேரி பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு கம்பஸ் பிள்ளைகள். சொன்னவளின் மடியில் மடிக்கணினி. நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கதைச்சுக் கதைச்சுக் கள்ளனைக் கண்டுபிடிக்கிற விளையாட்டுத்தானே? முதல் நல்லாக் கதைச்சுதே!"

"ஓம். ஒவ்வொரு ஆட்டம் முடியவும், எங்கை பிழை விட்டாயெண்டு கேட்டு எழுதவைச்சன். அடுத்த ஆட்டத்துக்கு முதல் அந்தப் பிழை எல்லாத்தையும் வாசிச்சிட்டுத்தான் வரும்."

"வாசிச்சு, வாய் திறந்தாப் பிழை வருமெண்டு பயந்துபோச்சு, பாவம். எதைச் சரியாச் செய்தாயெண்டு கேக்கேல்லையோ?"

"இல்லை."

"ஏனடி?"

"எங்கடை வீட்டிலை தொண்ணூறு எடுத்தாலும் மிச்சப் பத்து எங்கையெண்டுதானே கேப்பினம். அப்பிடியொரு கேள்வி இருக்கெண்டே எனக்குத் தெரியாது."

பஸ் குலுங்கக் குலுங்க மடிக்கணினியைத் திறந்து, "எதைச் சரியாகச் செய்தாய்?" என்று தட்டினாள்.