இரண்டு மாடிகளுக்கு நடுவே

பித்தளை துடைக்கப் பழைய பனியன் துணிதான் சரி. இருபத்திரண்டு வருடமாக வாசல் பலகையை நான் அப்படித்தான் துடைத்து வந்தேன். பெரிய நாவலாசிரியர் ஒருவர் இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தார் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் கட்டடத்தை இடிக்காமல் விட்டிருந்தார்கள். படிக்கட்டுக்குக் கீழே இருந்த காவலாளி அறையில் நானும், படுக்கையில் கிடக்கும் என் மனைவியும் இருந்தோம். இடித்தால் எங்களுக்குத் தெருதான். எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம்.

நான்காம் மாடியில் புரூஃப் சார் தனியாக இருந்தார். அச்சகத்தில் பிழை திருத்தியே வயதானவர். மளிகைச் சீட்டில்கூட ஒற்றுப்பிழை பார்ப்பார். கட்டடத்தை விட்டுவைப்பதா இடிப்பதா என்று பார்க்க அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதற்கு முந்தின நாள் என்னிடம் சொன்னார்.

"அந்த நாவலாசிரியர் இங்க குடியிருந்ததே இல்ல தம்பி. புரூஃப் வாங்க என்கிட்ட வருவார், டீ குடிச்சிட்டுப் போவார். நாளைக்கு அவங்ககிட்ட சொல்லிடப் போறேன்."

"உங்க வீடும்தானே சார் போகும்?"

"போகட்டும்ப்பா. தப்புன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது."

மறுநாள் காலை அவர் லிஃப்டில் இறங்கினார். நாலு பக்கமும் மரம் அடைத்த பழைய பெட்டி அது. இரண்டு மாடிகளுக்கு நடுவே வந்ததும் லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்தேன். அதிகாரிகள் போகும்வரை மட்டும் என்றுதான் நினைத்தேன். தட்டும் சத்தம் கேட்டு அதிகாரிகளில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "தண்ணிக் குழாய் சார், காத்து அடைச்சிருக்கு" என்றேன். பன்னிரண்டு மணிக்குத் திருப்தியாகக் கிளம்பினார்கள்.

சுவிட்சில் கை வைத்தேன். வெளியே வந்தால் அவர் சும்மா இருப்பாரா? கையை எடுத்துவிட்டேன்.

"தம்பி, ஒரே இருட்டா இருக்கு. மூச்சு முட்டுதுப்பா. ஸ்ப்ரே வீட்ல இருக்கு."

"ஆள் வந்துட்டே இருக்காங்க சார். பயப்படாதீங்க."

அறையிலிருந்து மனைவி கேட்டாள்: "யாருங்க அழறது?"

"ரேடியோ" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

மற்ற வீட்டுக்காரர்கள் வேலையிலிருந்து திரும்பும் முன்பே, மூன்றரை மணிக்குச் சத்தம் நின்றது. இன்னும் அரை மணி நேரம் பொறுத்துத்தான் மெயினைப் போட்டேன்.

ஆஸ்துமா என்று மருத்துவர் எழுதினார். கொன்றது நான்தான். ஆனால் அதிகாரிகள் போன பிறகு அவ்வளவு நேரமும் லிஃப்ட் கதவோரம் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அந்த இருட்டில் அவரை நான் தனியாக விடவில்லை. வாக்குமூலத்தில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.