உப்புப் பார்த்தவன்

கசகசா அரைக்கும்போது அவசரப்படக் கூடாது ஐயா. வெந்நீரில் ஊறப்போட்டு, தேங்காயோடு சேர்த்து, அம்மியில் நிதானமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பாயசத்தில் மணல் மாதிரி கடிபடும். நீங்கள் அருள்தாஸைப் பற்றிக் கேட்கிறீர்கள், நான் பாயசத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் பெயர் தாமோதரன். உத்திரமேரூரில் கல்யாணச் சமையல் செய்கிறேன். அதற்கு முன்னால் வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் நான்கு வருடம் சமையல்கட்டில் இருந்தேன். லீவில் வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து வாய் கிழியப் பேசுவேன். கப்பலுக்குள்ளேயே நீச்சல் குளம், நாட்டியக் கூடம், சாப்பிட்டு முடித்த துரைசாணிகள் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள் என்று அளந்து விடுவேன். ஊர் எனக்குக் 'கப்பல் தாமோதரன்' என்று பட்டம் கொடுத்தது. உண்மையில் நான் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நம்மூர் ஏரியைப் பார்த்த அளவுக்குக்கூட நான் கடலைப் பார்த்ததில்லை.

நின்று நின்று முதுகு விட்டுப்போனது. கூட வேலை செய்த ஒருவன் கடுகளவு அபின் கொடுத்தான். வலி போய்விட்டது. பிறகு வலி இல்லாத நாட்களிலும் தின்றேன், மறுபடி வந்துவிடக் கூடாதே என்று. நான் எப்போதும் முன்யோசனைக்காரன்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்காரர்கள் மூத்திரப் பரிசோதனை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கப்பலிலேயே பெரிய புத்திசாலி நான்தானே. ஆறிப்போன டீயில் தண்ணீரைக் கலந்து, நிறம் பார்த்து, கொண்டுபோய் நீட்டினேன். சமையல்காரன் ஆயிற்றே, நிறம் அச்சாக வந்திருந்தது. வாங்கிய அதிகாரி கப்பை வெளியே தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. அவர் ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே இன்னொரு கப்பை நிரப்ப வைத்தார். அதில் அபின் காட்டிவிட்டது.

கப்பல் டாக்டர் நல்ல மனிதர். கசகசா போட்ட பண்டம் ஏதாவது சாப்பிட்டாயா, அது அபின் செடியின் விதை, தின்றாலும் சில சமயம் இப்படிக் காட்டும் என்று அவராகவே கேட்டார். நான் சாப்பிடவே இல்லை என்று தலையாட்டினேன். ஒருவர் கதவைத் திறந்துவிட்டு நிற்கிறார், அதை நானே சாத்திவிட்டு வந்தேன். அடுத்த துறைமுகத்தில் என்னைப் பெட்டியோடு இறக்கிவிட்டார்கள்.

ஊருக்கு வந்த பிறகுதான் அந்தக் கதவு ஞாபகத்துக்கு வந்தது. எல்லாம் கசகசாக் குருமாவால் வந்த வினை, மெஷின் தப்பாகக் காட்டிவிட்டது என்று டீக்கடையில் சொன்னேன்.

"இன்னாபா இது, கசகசா துன்னா கப்பல்லேர்ந்து எறக்கி வுட்ருவானா? அப்ப கொத்தமல்லி துன்னா தூக்குல போட்ருவானா?" என்றார் டீக்கடைக்காரர். கடையே சிரித்தது. என் மனைவி ஆதிலட்சுமி இன்னும் ஒரு படி மேலே போனாள். "கஞ்சான்னு சொல்லு, அபினின்னு சொல்லு, தாங்கிக்கிறேன். கசகசான்னு மட்டும் சொல்லாத. எனக்கே சிரிப்பு வருது" என்றாள். அன்று முதல் நான் கசகசா தாமோதரன். கல்யாணத்துக்கு அச்சாரம் கொடுக்க வருகிறவர்கள்கூட, குருமாவில் பார்த்துப் போடுங்கள் என்று கண்ணடித்துவிட்டுப் போனார்கள். சிரித்துச் சமாளித்தேன். உள்ளே எரிந்தது ஐயா, பொய் சொல்ல மாட்டேன்.

அருள்தாஸ் என்னிடம் வேலை செய்தவன். திருப்புலிவனம் காலனி. அவன் அப்பா எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர், என் அப்பாவை 'ஆண்டே' என்று கூப்பிடுவார். இவன் பள்ளிக்கூடம் போனவன், என்னை அண்ணா என்பான். நான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை. பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

கைப்பக்குவம் உள்ளவன். பீடி கிடையாது, சாராயம் கிடையாது, வெற்றிலைகூடப் போட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் முதலில் மாதா கோயில் பூசையை முடித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்ட வருவான். நான் கப்பலில் இருந்த காலத்தில், பெருந்தன்மையைக் காட்டிக்கொள்ள அவனுக்கு கப்பலுக்கு ஆள் எடுக்கும் மண்ணடி ஏஜெண்டின் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். அவன் எழுதிப் போடுவான் என்று யார் கண்டார்கள். நான் இறங்கி வந்த மறு வருடம் அவனுக்கு அழைப்பு வந்தது. அதே கம்பெனி. மெட்ராஸில் மெடிக்கல் டெஸ்ட் பாஸானால் கப்பல்.

இனிப்பு வாங்கிக்கொண்டு மனைவி மேரியையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவளுக்கு அப்போது ஐந்து மாசம்.

"நீ இல்லன்னா எனக்கு ஏதுண்ணா கப்பலு" என்றான். "இனிமே இவ யாரு கழனிலயும் குனிஞ்சி நாத்து நடக் கூடாதுண்ணா. அது ஒண்ணுதான் எனக்கு."

யார் கழனியில் என்று அவன் சொல்லவில்லை. அவள் குனிவது எங்கள் கழனியில்தான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. விளக்கமாகச் சொல்கிறேன், கேட்டால் நீங்களே நியாயம் என்பீர்கள். தப்பே செய்யாதவன் என்று ஊரே சத்தியம் செய்யக்கூடிய ஒருவன், கசகசா தின்றுவிட்டு டெஸ்டில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மெஷின்தான் தப்பு என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். என் பெயரும் சுத்தமாகிவிடும். நான் உடனே மண்ணடிக்குப் போய் விஷயத்தைச் சொல்லி அவனையும் மீட்டுவிடுவேன். யாருக்கும் நஷ்டம் இல்லை. விஞ்ஞானிகள் எலியை வைத்துச் செய்வதை நான் பாயசத்தை வைத்துச் செய்தேன்.

போகிறவனுக்கு விருந்து வைப்பது வழக்கம்தானே. டெஸ்டுக்கு முந்தின சாயந்திரம் வீட்டுக்குக் கூப்பிட்டு, கசகசாவை அள்ளிப் போட்டு அரைத்து, வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, டம்ளர் டம்ளராக ஊற்றினேன். விடிந்ததும் முதல் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு சொம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். மேரி தனக்கும் கொஞ்சம் கேட்டாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்று தடுத்துவிட்டேன். அந்த அளவுக்கு எனக்கு அக்கறை உண்டு.

அவன் மாட்டிக்கொண்டான். என் விஞ்ஞானம் பலித்தது, ஊர்தான் பலிக்கவில்லை. நான் டீக்கடைக்குப் போய், பார்த்தீர்களா என்று ஆரம்பிப்பதற்குள் அவர்கள் முடித்துவிட்டார்கள். "கசகசா ஒரு ஆளச் சேத்துகினான்யா" என்றார்கள். என்னை நம்பாமல் கேலியாவது செய்தார்கள். அவன் விஷயத்தில் அந்தச் சிரமம்கூடப் படவில்லை. காலனிக்காரன் அபின் தின்றான் என்றால் ஒரு டீ ஆறுவதற்குள் நம்பிவிட்டார்கள். பாதிரியார் வந்து அவன் தலையில் கை வைத்து ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

அருள்தாஸ் என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, அந்தப் பாயசத்துல இன்னா போட்ட?"

"ஏன்டா?"

"கசகசா துன்னா மெஷின் தப்பாக் காட்டும்னு நீதான சொன்ன. ஊர்ல ஒருத்தரும் நம்பல. நான் நம்புனேண்ணா. அதுல கசகசா இருந்திச்சின்னா, ஏஜெண்டாண்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுண்ணா. எனக்கு வேற யாரு கீறாங்க?"

நான் சொன்ன பொய்யை உலகத்திலேயே நம்பிய ஒரே மனிதன் அவன். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தெரிந்தும் ஏன் கொடுத்தாய் என்று கேட்பானே என்று தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் அவனும் நானும் சேர்ந்து நடந்தால், சிரிப்பு இரண்டாகப் பிரியும்.

"அது பாதாம்டா" என்றேன்.

அதையும் நம்பினான்.

ஏஜெண்ட் இரக்கப்பட்டு, ஒரு மாசம் கழித்து வா, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதன் பிறகு மேரி அவனை எங்கேயும் கை நனைக்க விடவில்லை. பைபிள் மேல் கை வைக்கச் சொல்லி, வெளியில் எதுவும் சாப்பிட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். வேலைக்கு வரும்போது தூக்குச்சட்டியில் கஞ்சி கொடுத்து அனுப்புவாள். டீ கொடுத்தால்கூட வேண்டாம் என்பான். கெட்டிக்காரி. ஆனால் அவள் சமையல்காரி இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய சமையல்காரன் பந்தி முடியும்வரை எதையும் வாயில் வைக்க மாட்டான். உப்பு, காரம் பார்ப்பது கூட இருப்பவன் வேலை. கரண்டியில் எடுத்துக் கொடுத்தால் அவன் கை தானாக நீளும். எந்தச் சமையல்காரனும் உப்புப் பார்ப்பதைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. விரத நாளில்கூட உப்புப் பார்ப்பார்கள், கேட்டால் நான் பட்டினி என்பார்கள். சத்தியம் செய்தபோது அருள்தாஸுக்கும் அது நினைவில் வந்திருக்காது.

டெஸ்டுக்கு முந்தின நாள் ஒரு நெல் மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். இந்தத் தடவை நான் கசகசாவை நம்பவில்லை. ஊருக்கு வந்தும் நான் விடாத அபினையே எடுத்தேன். அது கசக்கும் என்பதால் மிளகு ரசமாகப் பார்த்து, ஒரு டம்ளரில் தனியாகக் கரைத்தேன். "அருளு, ரசம் எப்டிகீது பாரு" என்று நீட்டினேன். ஒரே மடக்கில் குடித்தான்.

"மொளகு தூக்கலா கீதுண்ணா. கொஞ்சம் கசக்குது" என்றான்.

"வெந்தயம் ஜாஸ்தியாப் பூட்ச்சி" என்றேன்.

இப்போது ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். முதல் தடவைக்கு என்னிடம் காரணம் இருந்தது. இரண்டாவது தடவைக்கு நானும் நிறைய யோசித்துப் பார்த்துவிட்டேன். அவன் பாஸாகிவிட்டால் முதல் தடவை என்ன நடந்தது என்று கிளறுவார்களே என்று சொல்லிப் பார்த்தேன். அது அரைக் காரணம். மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அவன் அப்பா ஏர் ஓட்டியதை முன்பே சொல்லிவிட்டேன்.

அந்த டெஸ்டிலும் மாட்டிக்கொண்டான். மூன்றாவது தடவை என்பது கிடையாது. மேரி சாலவாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், பிள்ளை அங்கேதான் பிறந்தது. சத்தியத்தை மீறினான் என்று அவள் நினைத்தாள். மீறவில்லை என்று அவன் அழுதான். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான், அதுதான் வேடிக்கை.

அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. என்னிடம் வந்து உட்கார்ந்து கப்பலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பான். நீச்சல் குளம் எவ்வளவு ஆழம் என்பான். பார்க்கப் பாவமாக இருந்தது. தூக்கத்துக்கு என்று கடுகளவு கொடுத்தேன். இன்னா இது என்று கேட்டான். மருந்து என்றேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். பிறகு அவனே கேட்க ஆரம்பித்தான். ஆக, மெடிக்கல் லேபில் எழுதிக் கொடுத்தது இப்போது நிஜமாகிவிட்டது. இனி யாரும் மெஷினைக் குறை சொல்ல முடியாது.

நேற்று செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவன் மடியில் நீங்கள் எடுத்த பொட்டலம் என்னுடையது. வாங்கி வரச் சொன்னது நான். பாயசத்தில் கசகசா போட்டது நான், ரசத்தில் அபின் கரைத்தது நான், மருந்து என்று கொடுத்தது நான். நீங்கள் கை வைத்து அடிக்காமலேயே சொல்லிவிட்டேன், உங்களுக்கும் சிரமம் இல்லை.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். சாயந்திரம் ஆனால் அவனுக்கு உடம்பெல்லாம் முறுக்கும், வாந்தி எடுப்பான். நான் பக்கத்தில் இருந்தால் அடங்குவான். என்னையும் அதே அறையில் போடுங்கள். மேரி காலையிலிருந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வரும்போது பார்த்தேன், தூக்குச்சட்டியில் கஞ்சிகூட வைத்திருக்கிறாள். அவளை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள் ஐயா. அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?