தாய்மாமன் துவைச்ச கம்பளி

ஊருக்கு ஒரு ஜமீன் இருந்து, ஜமீனுக்கு ஒரு லாயம் இருந்த காலத்துல, உடையான்குறிச்சியில சடைச்சி சடைச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். லாயத்துக் குதிரைங்க முதுகுல போடுற கம்பளியத் துவைச்சுக் குடுக்கறதுதான் அவ வேல. எங்க வம்சத்துக்கே மூத்தவ.

கம்பளின்னா வேட்டி மாதிரி கல்லுல அடிச்சுத் துவைக்கிற சாமான் இல்ல. அடிச்சா சுருங்கிரும். வேர்வை உப்பு தங்குனா குதிரை முதுகு புண்ணாகிரும். அதனால பூந்திக்கொட்டை நுரையில ஊறப்போட்டு, ஆத்துப் பாறையில வச்சுக் காலால மிதி மிதின்னு மிதிப்பாளாம். நிழல்ல காயப்போட்டு, உண்ணி அண்டாம இருக்க நொச்சித் தழையில புகை காட்டுவாளாம்.

அந்த வாசம்னா செவலைங்கிற குதிரைக்கு உசுரு. சடைச்சி தெரு முனையில வரும்போதே லாயத்துல நின்னு கனைக்குமாம். செவலையப் பாத்துக்கிட்டது அவ புருசன் குருவன். "உன் சக்களத்தி கூப்பிடுறா, சீக்கிரம் போ"ன்னு கேலி பேசுவானாம்.

ஒரு நாள் சின்ன ஜமீன் வந்து, வேட்டைக்குப் போகணும், செவலைக்குச் சேணம் போடுன்னானாம்.

"போன வேட்டையில பட்ட புண்ணே இன்னும் ஆறல சாமி. வேற குதிரை எடுத்துக்கங்க."

எதுத்துப் பேசிட்டான்னு சாட்டைய எடுத்தாங்க. குருவன் நின்னு அடி வாங்கல. புண்ணு முதுகுல ஏறவும் மனசில்லாம, கயித்தப் பிடிச்சுக்கிட்டே செவலையோட உடைமரக் காட்டுக்குள்ள ஓடிட்டானாம். ஜமீன் ஆளுங்க தேடித் தேடிப் பாத்தாங்க. கிடைக்கல. அந்த முள்ளுக்குள்ள எவன் போவான்? சடைச்சிக்கும் இடம் தெரியாது. தெரிஞ்சா அவளப் போட்டு உதைப்பாங்கன்னு அவன் சொல்லாமப் போயிட்டான்.

அப்பதான் தம்பி மூக்கன் வந்தானாம். அவ இடுப்புல தூக்கி வளத்த தம்பி.

"அக்கா, பயலுக்குக் குளிர்க் காச்சல். ஒரு கம்பளி குடேன்."

"எங்கிட்ட ஏதுடா கம்பளி? லாயத்துல கழிச்சுப் போட்ட செவலையோட கம்பளிதான் கிடக்கு. அதுவும் கிழிசல்."

"அதே போதும்க்கா."

"இருடா, புகை காட்டித் தர்றேன். பிள்ளைய உண்ணி கடிச்சிரும்."

கிழிசலச் சிவப்பு நூலால தச்சா. நல்லாப் புகை காட்டினா. மடிச்சு அவளே கையில குடுத்தா.

மறுநாளே குருவன் பிடிபட்டான். கையக் கட்டி வண்டியில ஏத்திக் கொண்டுபோனாங்க. அவ்வளவுதான், திரும்பி வரவே இல்ல. செவலைய லாயத்துல கட்டிட்டாங்க. எப்படிப் பிடிச்சாங்கன்னு ஊருல யாருக்கும் தெரியல. மூக்கன் "மாமா, மாமா"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு அழுதானாம்.

அடுத்த துவைப்புக்கு லாயத்துல இருந்து அழுக்கு மூட்டை வந்துச்சு. சடைச்சி அவுத்தா. உள்ள இருந்துச்சு சிவப்பு நூல் போட்ட கம்பளி. அது பூரா உடைமுள்ளு.

பிள்ளைக்குப் போத்துன கம்பளியில உடைமுள்ளு எப்படி வரும்? அது ஜமீன் மூட்டைக்குள்ள எப்படி வரும்? அவ ஒரு சொட்டு அழலையாம். ஒரு முள்ளக்கூடப் பிடுங்கல. வாசம் போகாம ஒரு பானைக்குள்ள திணிச்சு மூடி வச்சுட்டா.

கொஞ்ச நாள்ல மக ராக்குக்குக் காதுகுத்து. ஆத்தங்கரையில ஊரே கூடியிருக்கு. தாய்மாமன் மடியில வச்சுத்தான குத்தணும்? மூக்கன் சீர்த்தட்டோட வந்தான். ஜமீன் அவனுக்குப் புதுசா நெலம் குடுத்திருந்துச்சு. ஏன்டா குடுத்தாங்கன்னு கேட்டா, "அவங்களுக்கு நல்ல மனசு"ம்பானாம்.

சடைச்சி பானையத் திறந்து கம்பளியப் பாறையில போட்டா.

"முதல்ல இதத் துவை. பெறகு பிள்ளைய மடியில வைக்கிறேன்."

"என்னக்கா விளையாட்டு? ஊரே பாக்குது."

"பாக்கட்டும். காச்சல்ல உன் பயல் போத்துனதுதான? துவைடா."

மூக்கன் பொண்டாட்டி பாவம், ஒண்ணும் தெரியாம கேட்டாளாம்: "என் பிள்ளைக்கு எப்பக் காச்சல் வந்துச்சு?"

மூக்கன் கம்பளிய எடுத்தான். தண்ணியில முக்கி மிதிச்சான். முள்ளு ஏறுச்சு. கத்த முடியல, கத்தினா என்ன முள்ளுன்னு கேப்பாங்கல்ல? மிதிக்க மிதிக்க, நனைஞ்ச கம்பளியில இருந்து நொச்சி வாசம் கிளம்புச்சு.

லாயத்துல செவலை கனைச்சது.

கயித்த அத்துக்கிட்டு வந்துச்சாம். கூட்டத்தப் பொளந்துக்கிட்டு நேராப் பாறைக்கு வந்து, மூக்கன் காலடியில கிடந்த கம்பளிக்குள்ள மூஞ்சியப் புதைச்சு நின்னுச்சாம். எப்படிப் பிடிச்சாங்கன்னு அப்பதான் ஊருக்கு விளங்குச்சு.

சடைச்சி சொன்னாளாம்: "காட்டோரத்துல இந்தக் கம்பளிய நீ விரிச்ச. வாசத்துக்குச் செவலை ஓடி வந்துச்சு, அதத் தடுக்க அவர் பின்னால ஓடி வந்தாரு. நெலத்துக்கு ஆசப்பட்டு நீ வித்திருந்தா வித்துட்டுப் போ. அந்தப் புகைய எங்கையாலயே காட்ட வச்சியேடா."

பிள்ளையத் தன் மடியிலயே வச்சுக் காது குத்தினா. மூக்கன் தட்டு கரையிலயே கிடந்துச்சாம்.

அந்தப் பாறைக்குக் கம்பளிப் பாறைன்னு பேரு. இப்பவும் எங்க ஊருல காதுகுத்துன்னா, மாமன் துபாய்ல இருந்து வந்திருந்தாலும் சரி, பேண்ட மடிச்சுவிட்டு அங்க ஒரு கம்பளிய மிதிச்சே ஆகணும். பிழிஞ்சு முடிச்சதும் மேளத்த நிறுத்திருவாங்க. ஒருத்தரும் பேசக்கூடாது. ஜமீனும் இல்ல, லாயமும் இல்ல, சுத்துப்பட்டுல ஒரு குதிரை கிடையாது. இருந்தாலும் காதக் குடுத்துக் கேப்பாங்க.

கனைப்புச் சத்தம் வரலன்னாத்தான் பிள்ளையப் பெத்த அக்கா மாமனப் பாத்துச் சொல்லுவா: "சரி, வந்து உக்காரு."