வேலுத்தாய் அக்கா திறந்த பின்கதவு

உள்ளே வந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது படமும் இல்லை, மாலையும் இல்லை. இந்தக் கட்டடத்தின் பின்கதவுதான். வாசலில் போட்டிருந்த நாற்காலிகளைத் தூறல் விழுந்ததும் உள்ளே தூக்கி வந்து, அந்தக் கதவை ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததில் வணக்கம் சொல்லக்கூட மறந்து நிற்கிறேன்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அய்யனார் அண்ணன் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, பட்டாசு ஆபீசிலும் தீப்பெட்டி ஆபீசிலும் அச்சாபீசிலும் வேலையை விட்டு வந்திருக்கும் அக்காமாரே, அண்ணன்மாரே, முன்வரிசையில் அழுதபடி இருக்கும் வேலுத்தாய் அக்காவின் மகள் தமிழ்க்கொடியே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

மழையைக் கண்டு பயப்படும் சீமை வேறு எங்காவது உண்டா? நம் பாட்டிமார் மழைக்காக முளைப்பாரி எடுத்தார்கள். வைப்பாற்றில் மணல்தான் கிடந்தது. கரிசல் வெடித்தது, பருத்தி கருகியது, கம்பும் சோளமும் கைவிட்டன. மிஞ்சியது வெயில் ஒன்றுதான். அந்த வெயிலில்தான் தீக்குச்சி காயப்போட்டோம். பிறகு வெடி காயப்போட்டோம். காலண்டர் அச்சடித்தோம். ஊர் உலகமெல்லாம் நாள் பார்ப்பது நாம் அடித்த தாளில். பண்டிகை விடிவது நாம் சுற்றிய வெடியில். வானம் கைவிட்ட இடத்தில் வெயில் சோறு போட்டது. அதனால்தான் மேகம் கறுத்தால் மற்ற ஊர்க்காரர்கள் குடையைத் தேடுகிறார்கள், நாம் காயப்போட்ட களத்துக்கு ஓடுகிறோம். சரக்கை வாரி வந்து அறை வாசலில் அடுக்குகிறோம்.

அந்த வாசலைத்தான் வேலுத்தாய் அக்கா அடைக்க விடமாட்டார்!

நம் சங்கத்தின் கிளைச் செயலாளர் அவர். முதல் தூறலுக்கே அறை அறையாக வருவார். கதவடியில் பெட்டி இருந்தால் யாரிடமும் கேட்கமாட்டார், தூக்கிக்கொண்டு போய் மழையிலேயே வைத்துவிடுவார். ஒருநாள் கணக்கப்பிள்ளை சுந்தரவேல் அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன வேலுத்தாயி, வருண பகவானுக்குப் படையல் போடுறியா?"

"ஆமாண்ணே. பெட்டிய அவருக்குக் குடுத்துட்டு ஆளுகள நான் வச்சுக்கிடுறேன்."

சுந்தரவேல் அண்ணனும் சிரித்துவிட்டார். இப்போது அங்கே தூண் பக்கம் நின்று கண்ணைத் துடைக்கிறாரே, அவர்தான்.

எல்லா நாளும் சிரிப்பாக இருக்கவில்லை. நனைந்த சரக்குக்குக் கூலி இல்லை. ஓர் அக்கா தாங்க முடியாமல், ஒன் சட்டத்துக்கு எம்பிள்ளைக பட்டினி கிடக்கணுமா என்று கேட்டே விட்டார். வேலுத்தாய் அக்கா நேரே கிளம்பினார். தூறலுக்குச் சரக்கு வைக்க ஒரு தகரக் கொட்டகை வேண்டும் என்று முதலாளியிடம் போய் நின்றார். அடுத்த சீசனில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த சீசனிலும் போய் நின்றார். அதே பதில்தான். நின்று நின்று அவர் கால் வலித்ததே தவிர, கொட்டகை வந்ததா?

இந்தப் புரட்டாசியில் விபத்து நடந்த அன்றைக்குத் தூறல் விழுந்தபோது அவர் தூரத்து அறையில் இருந்தார். தீபாவளி ஆர்டர் அவசரம். பெட்டிகளை எங்கள் அறையின் பின்படியில், கூரைக்கடியில் அடுக்கினோம். தூறல் விட்டதும் எடுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அங்கே இருக்கும் பின்கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. அறையின் முன்பக்கம் தீப்பிடித்தது. பின்கதவைத் தள்ளினோம். நகரவில்லை. எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். நகரவில்லை.

அப்போதுதான் வெளியே பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

ஆபீசில் வேலை செய்த அத்தனை பேரும் மெயின் கேட்டைப் பார்த்து ஓடியபோது, ஒருவர் மட்டும் எங்களைப் பார்த்து ஓடி வந்திருக்கிறார். கதவு ஓர் ஆள் நுழையும் அளவு திறந்தது. ஒவ்வொருவராக வெளியே வந்தோம். நான்தான் கடைசி. என் கையைப் பிடித்து இழுத்துவிட்டவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது என்று நினைத்து அடுத்த பெட்டிக்குக் குனிந்துவிட்டார். யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு மூச்சு வரவில்லை. அந்தப் பெட்டி பற்றிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒருமுறை பார்க்க விட்டார்கள். முகமெல்லாம் கட்டு. என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

"கனி, உள்ள வேற யாரும் இருந்தாங்களாடி?"

"இல்லக்கா. நாந்தான் கடைசி."

"அப்பச் சரி."

பிறகு, "மழ விட்டுருச்சா?" என்று கேட்டார்.

விட்டுவிட்டது என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

அக்கா, உங்களை எப்படி மறப்போம்? வெயிலைப் பார்த்தால் உங்கள் நினைப்பு, மேகத்தைப் பார்த்தால் உங்கள் நினைப்பு. இனி நாங்கள் எந்தப் பக்கம் பார்ப்பது?

சங்கத்தில் உங்கள் படம் வைக்கப்போவதாக அய்யனார் அண்ணன் சொன்னார். வைக்கட்டும். ஆனால் திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கிறார்கள். கொட்டகை இன்னும் வரவில்லை. மழைக்காலம் வந்துவிட்டது. வேலுத்தாய் அக்கா இல்லை. தூறல் விழும்போது அந்த வாசலில் யார் நிற்பது?

எனக்குச் சத்தமாகப் பேச வராது. பெட்டி தூக்க வரும். தமிழ்க்கொடி, உன் அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான் இருக்கும் அறையில் எந்தக் கதவும் அடைபடாது. கூலி போனால் என் கூலியும் சேர்ந்து போகட்டும். அய்யனார் அண்ணே, கொட்டகை கேட்டு முதலாளியிடம் போகும்போது உங்களோடு நானும் வந்து நிற்பேன். அக்காமாரே, அண்ணன்மாரே, நீங்களும் வாருங்கள்.

எழுதி வந்தது இவ்வளவுதான். இப்போது நான் போய் அந்த நாற்காலிகளை எடுத்து வெளியே வைக்கிறேன். நனைந்தால் நனையட்டும்.